கூவைக் கஞ்சியில் எழுந்த முகம்

எங்கள் அண்ணா வெங்கடசுப்ரமணியனுக்கு இருந்தது ஒரே ஒரு கோட்டு. அதன் வலது முழங்கை கிழிந்து, அம்மா அதை மூட்டித் தைத்திருந்தாள். கறுப்பு நூல் அகப்படாமல் நீல நூலால் போட்ட தையல். நாகர்கோவிலில் ஒரு வாத்தியார் வேலைக்கு மனுவோடு போட்டோவும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அண்ணா அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு, படம் எடுக்கிற சேஷனிடம் போனான். வலது கையை உடம்போடு இறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தானாம். சேஷன் அவனை எழுப்பி, நாற்காலியைத் தூக்கி வேறு பக்கமாகத் திருப்பிப் போட்டான்.

"இந்தப் பக்கந்தான் வெளிச்சம் நன்னா விழறது. இப்படி உக்காருங்கோ அண்ணா" என்றான்.

படம் வந்தது. வேலையும் கிடைத்தது. ஒரு வருஷம் கழித்து அம்மா அந்தப் படத்தைத் துடைக்கும்போது, "தையல் எங்கேடா காணும்?" என்று கேட்டாள். அண்ணா படத்தை வாங்கி ஜன்னலண்டை கொண்டுபோய்ப் பார்த்தான். அப்புறம்தான் அவனுக்கு ஓர்மை வந்தது. அன்றைக்குச் சாயங்கால வெயில் அடித்தது எதிர்ப்பக்கத்து ஜன்னலில். சேஷன் திருப்பிய பக்கத்தில் வெளிச்சமே இல்லை. தன்னுடைய வெள்ளை வேஷ்டி ஒன்றைக் கொடியில் விரித்துக் கட்டி, வெயிலை அதில் பட்டுத் திரும்பச் செய்து, அரை மணி நேரம் அதை இழுத்து இழுத்துச் சரி பண்ணித்தான் அவன் படம் எடுத்திருக்கிறான். தையலைப் பற்றி அன்றைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

சேஷன் கரமனையில் எங்கள் தெருவிலேயே கடைசி வீட்டுப் பிள்ளை. அவனுடைய தகப்பனார் கோட்டைக்குள் தர்மச் சாப்பாடு போடுகிற ஊட்டுப்புரையில் சமையல் செய்தவர். அவர் காலமானபோது சேஷனுக்குப் பதினாலு வயசு. கரண்டியை அவன்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அடுப்புப் புகை பட்டாலே அவனுக்கு இழுப்பு வந்துவிடும். அதனால் அவன் தாயார் அனந்தலக்ஷ்மி, தைக்காட்டில் இருந்த ஒரு படக்கடையில், படம் பதிகிற கண்ணாடித் தகடு துடைக்க அவனைக் கொண்டுபோய் விட்டாள். ஐந்து வருஷம் துடைத்தான். மற்றவர்கள் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே துடைத்தான்.

எங்கள் தெருவில் வக்கீல் வெங்கடேஸ்வரய்யர் என்று ஒருவர் இருந்தார். குழந்தை இல்லை. சாகுமுன், தெருவில் ஏழைப் பையன் ஒருவனுக்கு மூன்று வருஷம் உபகாரச் சம்பளம் கொடுக்க வேண்டும், அவன் உத்தியோகம் அல்லாத ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். யாருக்கு என்று தீர்மானிக்கிறது அவர் மனைவி லலிதாம்பாள். கையில் கொடுக்கிறது அவர் தம்பி சுந்தரராமய்யர். சேஷன் போய்க் கேட்டான்.

"படம் பிடிக்கறதும் ஒரு தொழிலாடா?" என்று கேட்டார் சுந்தரராமய்யர்.

"உத்தியோகம் இல்லாத தொழில்னு எழுதியிருக்காராமே, மாமா."

"இது உத்தியோகமும் இல்லை, தொழிலும் இல்லை. அந்த மட்டுக்கும் சரியாத்தான் இருக்கு."

லலிதாம்பாள் மாமி சிரிக்கவில்லை. "அவனுக்கே கொடுங்கோ. அவன் அப்பா கையால எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கோம்" என்றாள். அப்படித்தான் சேஷனுக்கு அது கிடைத்தது. வருஷத்துக்கு ஒருமுறை, வக்கீலின் திதிக்கு முதல் நாள், அவன் தான் கற்றதைக் கொண்டுபோய் மாமியிடம் காட்ட வேண்டும். மாமி பார்த்துவிட்டு "நடக்கட்டும்" என்றால் அடுத்த வருஷத்துக்கு உண்டு.

முதல் இரண்டு வருஷமும் நடந்தது. அந்த இரண்டு வருஷத்தில் அவன் உடம்பு பாதியாகிவிட்டது. காலையில் தைக்காட்டுக்கு நடப்பான். மத்தியானம் வந்து, காகிதத்தோடு சேர்த்துச் சட்டத்தில் அடைத்த தகடுகளை முற்றத்து வெயிலில் வைப்பான். ஒரு பக்கம் வடாம் காயும், ஒரு பக்கம் அவன் படங்கள் காயும். இரண்டுக்கும் காக்காய் ஓட்டுகிறது அனந்தலக்ஷ்மி மாமி. பிறகு படங்களை அலச வேண்டும். கிணற்றடியில் மருந்துத் தண்ணீர் கொட்டக் கூடாது என்று தெருவில் சொல்லிவிட்டார்கள். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவான். முப்பது தடவை தண்ணீர் மாற்றுவான். வெள்ளி மருந்து பட்டுப் பட்டு அவன் விரல்கள் கறுத்துப்போயின. எந்தப் பழத்தோல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கையோடு பந்தியில் பரிமாற வேண்டாம் என்று ஒரு கல்யாணத்தில் சொல்லிவிட்டார்கள். அவன் சரி என்று இலை எடுக்கப் போய்விட்டான்.

மூன்றாவது வருஷம் அவன் மதராசுக்குப் போக வேண்டியது. சின்னப் படத்தைப் பெரிசாக்குவது, இருட்டான இடத்திலும் முகம் தெரிய எடுப்பது, இதெல்லாம் அங்கேதான் சொல்லிக்கொடுப்பார்கள். தைக்காட்டு முதலாளி கடிதம் எழுதி ஒரு இடமும் பேசி வைத்துவிட்டார். உபகாரச் சம்பளம் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் போக முடியாது. அவ்வளவுதான் விஷயம். அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினான்.

"அங்கே இவ்வளவு மழை இல்லையாம் அக்கா. வெயில் நின்னு அடிக்குமாம்."

நான் அப்போது பிரசவத்துக்குப் பிறந்தகம் வந்து, குழந்தை சரோஜத்துக்கு ஐந்து மாசம் நிறைந்திருந்தது. மலையாளக் கணக்கில் கொல்லம் ஆயிரத்து நூற்றிரண்டாம் வருஷத்து ஆனி மாசம். மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சமயத்தில் லலிதாம்பாள் மாமி அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள். வக்கீலின் முகம் இருந்தது ஒரே ஒரு படத்தில், அதுவும் பத்துப் பேர் சேர்ந்து நிற்கிற சின்னப் படம். அதிலிருந்து அவர் முகத்தை மட்டும் எடுத்து, பூஜை உள்ளில் வைக்கிற மாதிரி ஒரு படம் பண்ணிக் கொடு, இந்த வருஷத்துக்கு அதைக் காட்டினால் போதும் என்றாள்.

சேஷன் கேமராவை அந்த முகத்துக்குக் கிட்டே வைத்து ஒரு தகட்டில் எடுத்து, மாதிரிக்கு ஒரு காகிதத்தில் அச்சுப் போட்டுக் கொண்டுபோனான். நானும் அம்மாவும் அன்றைக்கு அங்கே அப்பளம் இட்டுக்கொண்டிருந்தோம். மாமி படத்தை வாங்கி, விரலால் மேலே தடவிப் பார்த்தாள்.

"இது என்னடா இப்படி மினுக்கறது? மேலே என்ன பூசியிருக்கு?"

"ஒரு மாதிரி பசை, மாமி. கம்பெனியிலேயே பூசித்தான் வரும்."

"எதில பண்ணின பசை?"

அவன் 'கோந்து' என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது.  ஆனால் அவன், "மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கறது" என்றான்.

மாமி படத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். சுந்தரராமய்யர்தான் குதித்தார். "ரெண்டு வருஷமா இதைத் தொட்டுண்டா எங்காத்துக்குள்ள வந்துண்டிருக்கே? கண்ணாடியிலயும் இதுதானோ?"

"ஆமாம் மாமா."

"ஆமாமாக்கும்! சொல்றான் பாரு, தைரியமா."

மாமி திரும்பி வந்தாள். கோபம் இல்லை, முகம்தான் வாடியிருந்தது. "கண்ணாடி அவன் வேலை பண்ற இடத்தில கிடக்கட்டும். அது பூஜை உள்ளுக்கு வரப்போறதில்லை. படத்தில மாத்திரம் அது வேண்டாம். வேற எப்படியாவது பண்ண முடியுமானா பண்ணு, சேஷா. இல்லைன்னா இந்தத் தர்மத்தை இப்படிப்பட்ட தொழிலுக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது. அவருக்கு நான் பதில் சொல்லணும்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அவன் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து நின்றான். தைக்காட்டு முதலாளியிடம் ஒரு பழைய புஸ்தகம் இருக்கிறதாம். இந்தப் பசை வருமுன்னே கூவைப் பொடியைக் கஞ்சியாகக் காய்ச்சிக் காகிதத்தில் தடவிப் படம் அச்சடித்தார்களாம். எங்கள் வீட்டில் குழந்தைக்காக அம்மா கூவைக்கிழங்கு அரைத்து, கலக்கித் தெளியவைத்து, எட்டுத் தண்ணீர் மாற்றி வெயிலில் காயவைத்த பொடி இருந்தது.

"குழந்தைக்கு ஒரு பங்கு, வக்கீலுக்கு ஒரு பங்கு" என்று சொல்லிக்கொண்டே அம்மா அளந்து கொடுத்தாள்.

"வக்கீல் கஞ்சி குடிச்சே பழக்கமில்லாதவராச்சே" என்றேன் நான்.

சேஷன் சிரித்தான். அவன் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

புகை அவனுக்கு ஆகாது என்பதால் கஞ்சியை நான்தான் காய்ச்சினேன். கொஞ்சம் உப்புப் போட்டு, கட்டி தட்டாமல், குழந்தைக்குக் காய்ச்சுகிற பதத்தைவிட நீர்க்க. அவன் அதைப் பட்டைத் தூரிகையால் காகிதத்தில் தடவி, உலர்த்தி, ஜன்னலை மூடிக்கொண்டு வெள்ளி மருந்து தடவி, தகட்டின் கீழே வைத்து வெயிலுக்குக் காத்திருப்பான். வெயில் வராது. வந்தாலும் அரை நாழிகை நிற்காது. காகிதத்தில் ஈரம் ஏறிப் புள்ளி புள்ளியாகக் கறுத்துப்போகும். ஏழு காகிதம் போயிற்று, எட்டாவதும் போயிற்று. ஒருநாள் மத்தியானம் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, இறவாரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். மழை சாரல் அவன் காலில் அடித்துக்கொண்டிருந்தது. எழுப்ப மனசு வராமல் ஒரு பழம்பாயை எடுத்துக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்தேன்.

ஆடி பிறந்து நாலாம் நாள் சூரிய நாராயணன் கண் திறந்தான். இரண்டு நாள் நல்ல வெயில். சேஷன் எடுத்துக் காட்டினான். நான் அந்த மாதிரிப் படம் அதற்கு முன் பார்த்ததில்லை. மினுக்கல் இல்லை. செம்பழுப்பு நிறத்தில், காகிதத்துக்குள்ளிருந்தே முகம் எழுந்து வந்தது மாதிரி இருந்தது. வக்கீல் மாமா பேசத் தொடங்குமுன் வலது கண்ணைக் கொஞ்சம் இடுக்குவார். அதுகூட இருந்தது. தைக்காட்டு முதலாளி குப்பியின் அடியில் மிச்சம் இருந்த தங்க மருந்தை அவனுக்குச் சும்மா கொடுத்தாராம், நிறம் நிற்பதற்காக. ஆற்றுத் தண்ணீரில் ஒரு பகல் முழுக்க அலசியிருந்தான்.

"இத்தனை தண்ணியில கஞ்சி கரைஞ்சு போயிடாதோ?" என்று கேட்டேன்.

"எத்தனை தண்ணி விட்டாலும் நிக்கும் அக்கா. ஈரத்தோட தேய்ச்சா மாத்திரம் நிக்காது. அதனால கண்ணாடிச் சட்டம் போட்டே கொடுத்துடப்போறேன்."

திதிக்கு முதல் நாள் காலை. லலிதாம்பாள் மாமி வீட்டில் காரியம் செய்து வைக்கிற வாத்தியார் வந்திருந்தார். புண்ணியாஹ தீர்த்தம் தெளித்துவிட்டுத்தான் படத்தை உள்ளே கொண்டுபோக வேண்டும்.  மாமி படத்தை இரண்டு கையாலும் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தாள். "என்ன வேணும்னு கேக்கறாப்பல இருக்கார்" என்றாள். பிறகு சட்டத்தைக் கழற்றச் சொன்னாள்.

சேஷன், "மாமி, கண்ணாடி மேலயே தெளிச்சா போறாதா?" என்றான்.

"கண்ணாடி மேலே தெளிச்சா அவருக்கு எப்படிடா போய்ச் சேரும்?"

 சேஷன் சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தான். வாத்தியாரிடம் மெதுவாக, "ஒரு துளி போதும், மாமா" என்று மட்டும் சொன்னான். வாத்தியார் நல்ல மனுஷர். வக்கீலிடம் அவருக்கு மரியாதை அதிகம். மாவிலையை முழுக்க நனைத்துத் தாராளமாகவே தெளித்தார். மஞ்சள் தண்ணீர் வக்கீலின் நெற்றியிலும் கன்னத்திலும் வழிந்தது. வழிந்ததோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை.

மாமி குனிந்து, புடவைத் தலைப்பால் அந்த முகத்தைத் துடைத்தாள். வேணும் என்று செய்ததல்ல. வியர்வையைத் துடைத்துவிடுகிற மாதிரி, பழக்கத்தில் கை போய்விட்டது. நார்மடிப் புடவை முரடு. இரண்டு தடவைதான் துடைத்தாள். வலது கண்ணும் மூக்கின் பாதியும் போய், அந்த இடத்தில் வெள்ளைக் காகிதம் தெரிந்தது.

 மாமி படத்தைப் பார்த்தாள். பிறகு தன் தலைப்பைப் பார்த்தாள். அதில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அவள் தன் வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். சேஷனும் பார்த்தான்.

"கஞ்சி பதம் தப்பிப்போச்சு, மாமி" என்றான். "நான் சரியாக் காய்ச்சலை. தண்ணி பட்ட உடனேயே விட்டுடுத்து. துடைச்சாலும் துடைக்காட்டாலும் இது நின்னிருக்காது."

கஞ்சி காய்ச்சியது நான். பதம் தப்பவில்லை என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கப் போனேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வைகூட இல்லை, வெறுமே களைத்துப்போன பார்வை. நான் கழற்றிய கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"ரெண்டு வருஷம் கத்துண்டது இவ்வளவுதானா?" என்றார் சுந்தரராமய்யர். "ஒரு சொட்டுத் தண்ணி தாங்கலை. இதுக்கு மதராஸ் வேற போகணுமாக்கும்."

"நீங்க சொல்றது சரிதான் மாமா" என்றான் சேஷன்.

மாமி அந்தப் படத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "நடக்கட்டும்" என்று சொல்ல அன்றைக்கு அவள் வெளியே வரவில்லை. ஒரு வாரம் கழித்து அந்த வருஷத்து உபகாரச் சம்பளத்தை டைப் அடிக்கக் கற்றுக்கொள்கிற வேறொரு பிள்ளைக்குச் சுந்தரராமய்யர் கொடுத்துவிட்டார். உத்தியோகம் அல்லாத தொழில் என்ற பேச்சை அப்போது யாரும் எடுக்கவில்லை.

படம் அழிந்த அன்றைக்கே சாயங்காலம் எங்கள் கிணற்றடியில் வைத்து அவனைக் கேட்டிருந்தேன். "ஏன் அப்படிச் சொன்னே? உனக்கு எவ்வளவு பெரிய நஷ்டம்னு தெரியாதா?"

"மாமி தன் கையாலயே அவர் முகத்தைத் துடைச்சு எடுத்துட்டாள்னு இருக்கலாமா அக்கா? நாளைக்குத் திதி. அந்தக் கையாலதானே எல்லாம் எடுத்து வைக்கணும்."

 வழிபாடு என்று எத்தனையோ செய்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமாக ஒன்றும் செய்ததாக எனக்கு நினைவில்லை.

ஆவணியில், மலையடிவாரத்தில் இருக்கிற வித்துராவுக்குப் போனான். அங்கே சந்தைக்கு வருகிறவர்களைப் படம் எடுக்க ஆள் இல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போணக்காடு எஸ்டேட்டில் தேயிலை பறிக்க வந்த திருநெல்வேலிச் சனங்கள் ஊரில் இருக்கும் தாயாருக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொள்வார்களாம். அண்ணா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தகரக் கூரை, அதில் ஓயாத மழை, சுவரெல்லாம் பாசி, கேமராக் கண்ணாடியில்கூடப் பூஞ்சை. இவன் அதைத் துடைத்துக்கொண்டே இருக்கிறானாம். கட்டிக்கொள்ள நல்ல துணி இல்லாத பெண்களுக்கென்று தாயாரின் பட்டுப் புடவை ஒன்றை மடித்து வைத்திருக்கிறானாம். அது எதற்கு என்று கேட்டதற்கு, "படத்துக்கு நிறம் சரியா வரணுமே அண்ணா" என்றானாம். படத்தில் நிறம் எங்கே இருக்கிறது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பத்து வருஷம் அங்கேயே இருந்தான். மலைக் காய்ச்சல் வருஷா வருஷம் வந்து, கடைசி வருஷத்தில் விடவில்லை. செய்தி எங்களுக்கு வந்தபோது காரியங்கள்கூட முடிந்துவிட்டன. அவன் எடுத்த படங்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அவனுடைய படம் ஒன்றும் எங்கேயும் கிடையாது.

அவன் வித்துராவுக்குக் கிளம்பிய நாளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாலைக் கடைத்தெருவுக்குப் போய் பஸ் பிடிக்க வேண்டும். டிரங்குப் பெட்டியைத் தலைச்சுமைக்காரனிடம் முன்னால் அனுப்பிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். கக்கத்தில் துணி சுற்றிய ஒரு சட்டம். ஆவணி வெயிலில், மிச்சம் இருந்த கூவைப் பொடியில், வக்கீல் மாமாவை மறுபடி அச்சடித்திருந்தான். முதல் படத்தைவிட நன்றாக வந்திருந்தது. சுற்றிலும் அரக்கு வைத்துக் கண்ணாடியை அசைக்க முடியாமல் மூடியிருந்தான். சரோஜம் அவன் கறுத்த விரலைப் பிடித்து வாயில் வைக்கப் போனாள். அவசரமாக இழுத்துக்கொண்டு, வேஷ்டியில் துடைத்து, மறுபடி நீட்டினான்.

அன்று மத்தியானமே நான் அதைக் கொண்டுபோய் மாமியிடம் கொடுத்தேன். அவன் சொல்லச் சொன்னதையே சொன்னேன். அழிந்த பழைய படம் தன்னிடமே உள்ளே இருப்பது தெரிந்தும், மாமி போய் அதை எடுத்து வரவில்லை, பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் இல்லை. தன் வலது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "சரியாயிடுத்தா?" என்று மட்டும் கேட்டாள். ஆயிடுத்து மாமி என்றேன். நான் அறிந்து சொன்ன பொய் அது. பத்மநாபசுவாமி முன்னால் அதற்காக நான் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. மாமி கண் மூடுகிற வரைக்கும் அந்தப் படம் பூஜை உள்ளில் இருந்தது.

சேஷன் என்னிடம் சொன்னது இது. வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, பாதி தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மாமி கேட்டா, பழைய படத்தையே சரி பண்ணிட்டேன்னு சொல்லிடுங்கோ அக்கா. புதுசுன்னு சொல்லாதேங்கோ."